கூவாத மைக்

ஓசூர் வட்டாரத்தில் மைக்கைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. கிருஷ்ணகிரி வரைக்கும் போய்த் தேடினாலும் கிடையாது.

பொய். முதல் தடவை என் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தபோது, வயர் சொருகுகிற வால் பக்கத்தில் வாயை வைத்து, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தவன் நான். முன்வரிசையில் இருந்தவர்கள் அதை ஒரு காமெடி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் காமெடிதான் செய்தேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குள் நான் கால் வைத்ததெல்லாம் ஓட்டுப் போடத்தான். பஸ் போர்டையும், கம்பெனி சுவரில் எழுதியிருக்கும் 'தலைக்கவசம் அணியவும்' என்பதையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவனிடம் இதைவிட என்ன எதிர்பார்க்க முடியும்?

ஆனால் ஒன்று. மைக் ஏன் கூவுகிறது என்பது எனக்குத் தெரியும். 'ஊ...ய்' என்று ஒரு சத்தம் கிளம்பி, கூட்டத்தில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு, பாடுகிறவரை ஏதோ குற்றம் செய்தவர்போல எல்லோரும் பார்ப்பார்களே, அதைத்தான் கூவுவது என்கிறேன். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபத்தில் தெரிந்துகொண்டது. சாதாரண நேரத்தில் என் மண்டையில் எதுவும் ஏறாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. பட்டன் வைத்த செல்போனைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டு எல்லோரும் நடந்த காலம். நானும் என் மனைவியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். வண்டிகளுக்குப் பாகம் செய்கிற கம்பெனி. நான் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். தகடு வைப்பேன், மெஷின் இறங்கும், தகட்டை எடுப்பேன். பன்னிரண்டு விரலோடு பிறந்திருந்தால்கூட அங்கே நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. அவள் பேக்கிங்கில். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு அட்டைப் பெட்டிக்குள் பாகங்களை அடுக்குகிற வேலை. அந்தக் கட்டிடத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்களே குறைவு. குரலைக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. "ஏ பேக்கிங்கு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் நன்றாகப் பாடுவாள். நான் புருஷன் என்பதால் சொல்லவில்லை. புருஷனாக நான் அவளைப் பற்றிச் சொல்கிற மற்றதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். அவள் பிறந்த வீட்டில் பேசினது தெலுங்கு, தெருவில் பேசினது கன்னடம், என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குத் தமிழ். மூன்றிலும் பாடுவாள். ஆனால் மெல்லிய குரல். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் உள்ளே இறங்கும். பத்தடி தள்ளி நின்றால் கொசு பாடுகிறதோ என்று தோன்றும்.

வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்று, கம்பெனியில் எங்களுக்குள்ளேயே ஒரு பாட்டுக் கச்சேரி நடக்கும். மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு, ஷெட்டின் ஒரு ஓரத்தில் இரும்புப் பலகைகளைச் சேர்த்து மேடை போடுவோம். நான் இடையிடையே நாய் மாதிரியும் லாரி மாதிரியும் கத்திக் காட்டி ஆட்களைச் சிரிக்க வைப்பேன். அவள் பாடுவாள். முகத்துணி இல்லாமல், பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவையில், நூற்றுக்கணக்கான பேர் முன்னால். அந்த ஒரு நாளுக்காக அவள் வருஷம் முழுக்க அடுப்படியில் முனகிக்கொண்டே இருப்பாள்.

அவள் முதன்முதலாக மேடை ஏறின வருஷத்து ஆயுத பூஜையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மைக் செட்டுக்காரர் உள்ளூர்க்காரர். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். எல்லாவற்றுக்கும் ஒரே மைக்தான். அதில் எத்தனை தலைவர்களுடைய எச்சில் காய்ந்திருந்ததோ தெரியாது. அவர் ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையில் பாடுகிறவளுக்குப் பின்னால், சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் வைத்துவிட்டார். முன்னால் வைத்தால் சாமி படத்தை மறைக்குமாம். மேலே தகரக் கூரை. அவள் முதல் வரியைத் தொடங்கினாள். யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா, சத்தமா" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். செட்டுக்காரர் வால்யூமைத் தூக்கினார். மைக் கூவியது. அவர் இறக்கினார். குரல் போய்விட்டது. தூக்கினார். கூவியது. அவள் நிறுத்திவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அதற்கும் கூவியது. இரண்டு மூன்று பேர் அந்தக் கூவலைப் போலவே வாயால் கூவிக் காட்டினார்கள். நான் செய்கிற வேலையை என்னிடமே செய்துகாட்டினால் எப்படி இருக்கும்? அவள் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல், பொரிப் பொட்டலம் கட்டுகிற பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

நான் செட்டுக்காரரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"எம் மைக்கில ஒண்ணும் இல்லப்பா," என்றார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. "கொரலு இல்ல. கொரலு இருந்தா நான் எதுக்கு வால்யூமத் தூக்கறேன்? தூக்கினா கூவத்தான் செய்யும். வூட்டுல போயி கத்திப் பழகச் சொல்லு."

"பூஜைக் கமிட்டிக்காரரு தொண்டையக் கனைச்சதுக்கே கூவுச்சேண்ணா. அவருக்கும் கொரலு இல்லியா?"

"வேணும்னா எக்கோ போட்டுத் தரட்டா?"

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பூஜைக் கமிட்டிக்காரர் என்பவர் எங்கள் சூப்பர்வைசர்தான். தெற்கத்திக்காரர், தூத்துக்குடிப் பக்கம். நெற்றி நிறைய விபூதி. கெட்டவர் இல்லை. ஆனால் சாமி விஷயம் என்றால் அவருக்குக் கண் தெரியாது. அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"என்னடே இது? சாமி முன்னால நாய் ஊளையிட்ட மாதிரில்லா இருக்கு."

"நாய் மாதிரி கத்தினது நான் சார். அது வேற ஐட்டம்."

"வெளையாடாத. அடுத்த வருசமும் இப்படிக் கூவுச்சுன்னா பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சிடியப் போட்டுட்டு, பொரியத் தின்னுட்டுப் போவோம், கேட்டியா?"

வீட்டுக்கு வந்ததும் அவள் பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். "மாமா, இன்னொருக்கா அப்படிக் கூவுச்சின்னா நான் மேடை ஏற மாட்டேன். அப்பறம் என்னக் கேக்காதீங்க. அடுப்படி போதும் எனக்கு," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைத்திருப்பேன். அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கில் அடுப்படியில் அந்த முனகல் இல்லை. குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் நானே ஒரு மைக் வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணினேன். யோசித்து எடுத்த முடிவு இல்லை. செட்டுக்காரர் பீடி பிடித்த முகம் அடிக்கடி கனவில் வந்தது, அவ்வளவுதான். அவளையும் இழுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ் ஏறினேன். அவள் வரவே மாட்டேன் என்றாள். "கன்னடத்துல பேரம் பேச ஆளு வேணும்" என்று சொல்லித்தான் கிளப்ப முடிந்தது.

பெங்களூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் வயர், பெட்டி, பேட்டரி, டிவி ரிமோட் என்று மனுஷன் நடக்க இடம் இல்லாமல் கடைகள். முதல் கடையில் கண்ணாடிக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு மைக் மினுமினுத்தது. வயரே கிடையாது. தலையில் சின்னதாகப் பச்சை விளக்கு. அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து போய் லாரி மாதிரி கத்தினால் எப்படி இருக்கும்!

"மாமா, பாடப் போறது யாரு?" என்றாள் அவள்.

கடைக்காரப் பையன் இன்னொன்றை எடுத்துக் காட்டினான். "இது கண்டென்சர் சார். எறும்பு நடந்தாக்கூட எடுக்கும்."

எனக்குத் தெரிந்த கண்டென்சர் சீலிங் ஃபேனுக்குப் போடுவது. இருந்தாலும் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். எறும்பு நடப்பதையே எடுக்கும் என்றால் என் மனைவியின் குரலை எடுக்காதா? நல்ல மைக் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? போட்டுக் காட்டச் சொன்னேன்.

"டெஸ்டிங்கெல்லாம் கெடையாது. டப்பா ஒடைச்சா வாங்கணும்."

"ஒரு பல்பு வாங்கினாக்கூட எரிய வுட்டுத்தானடா தர்றீங்க? மைக்க மட்டும் டப்பாவோட கும்பிட்டு எடுத்துகினு போகணுமா?"

"பிடிச்சா வாங்குங்க. இல்லன்னா விடுங்க."

விட்டேன். அடுத்த கடையிலும் இதே பேச்சு. அதற்கடுத்த கடையில் வெளிநாட்டுப் பெயர் போட்ட மைக்கைக் காட்டினார்கள். பெயரில் ஒரு எழுத்து முன்பின்னாக இருக்கிறது என்று என் மனைவிதான் கவனித்தாள். எனக்கு எல்லா எழுத்தும் முன்பின்னாகத்தான் தெரியும். வெயிலில் அலைந்து என் கோபம் நல்ல பதத்துக்கு வந்திருந்தது. அசலான வெளிநாட்டு மைக்கின் விலையைக் கேட்டபோது, அந்த விலைக்கு நான் அந்தக் கடைக்காரரையே ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட வைக்கலாம் என்று தோன்றியது.

கடைசியாக ஒரு சந்துக்குள் இருந்த கடை. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் டிபன் பாக்ஸைத் திறந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போயிற்று. என்னைப் போலவே கோபத்தில் இருக்கிற ஒரு ஆள்.

என் மனைவி கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். மெல்லிய குரல், தகரக் கூரை, பின்னால் பெட்டி, கூவுகிறது. நான் வாயைத் திறக்குமுன் அவள் எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டாள். அதே விஷயத்தை நான் மூன்று கடைகளில் முக்கால் மணி நேரம் கத்தியிருந்தேன்.

சீக்கிரம் அனுப்பிவிட்டால் சாப்பிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் ஒரு சின்னப் பெட்டியைக் கல்லா மேலேயே வைத்து, ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, மூன்று மைக்குகளை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்றுமே கறுப்பு. மூன்றுமே வயர் வைத்தது. பார்க்க மூன்றும் இடிக்கிற உலக்கையின் குட்டிகள் மாதிரி.

"எதுவும் மினுக்கலையே சார்," என்றேன்.

"மினுக்கினா பாடுமா?" என்றார்.

அவள் முதல் மைக்கை எடுத்துத் தாலாட்டு பாடுகிற சத்தத்தில் ஒரு வரி பாடினாள். கடைக்காரர் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே மற்றக் கையால் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். கூவியது. இரண்டாவது மைக்கில் இன்னும் கொஞ்சம் தாங்கி, அப்புறம் கூவியது. மூன்றாவதில் தூக்கினார், தூக்கினார், அவள் குரல் சந்து முழுக்கக் கேட்டது. எதிர்க் கடையில் பேட்டரி விற்கிறவர் எட்டிப் பார்த்தார். கூவவில்லை. மாதக்கணக்கில் வாயைத் திறக்காதவள் அங்கே, சாம்பார் வாசத்துக்கு நடுவில், இரண்டாவது வரியையும் பாடினாள். மூன்றாவதையும் பாடினாள்.

அப்போதுதான் நான் என் மூக்கை நுழைத்தேன். "கொடு, நான் ஒருக்கா பார்க்கறேன்" என்று மைக்கைப் பிடுங்கி, டிவியில் பாடுகிறவர்கள் பிடிப்பார்களே, தலையை மொத்தமாகக் கைக்குள் பொத்தி, அந்த ஸ்டைலில் பிடித்தேன். வாயைத் திறப்பதற்குள் 'ஊ...ய்'. கடைக்காரர் எச்சில் கையோடு என் மணிக்கட்டில் ஒரு அடி வைத்தார்.

"கை தெகிரி! கை எடு!"

கையை எடுத்தேன். சத்தம் நின்றது. சோற்றுப் பருக்கை என் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது.

"இதுக்கு முன்னாடி ஒரு கிவி. பின்னாடி, சைடுல ஒரு கிவி," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். கிவி என்றால் காது என்று என் மனைவி சொன்னாள். "முன்னாடி கிவி வாய் சத்தம் கேக்கும். பின்னாடி கிவி பாக்ஸ் சத்தம் கேட்டு, இது வேணாம், வெளிய போன்னு சொல்லும். நீ அது மூடினா, வேணாம் சொல்ல யாரு இருக்காங்க? எல்லாம் உள்ள வரும். கூவும். மைக் வாலு பாக்ஸ் பக்கம் இருக்கணும். வாய் கிட்ட இருக்கணும். ஆயித்து, நான் ஊட்டா பண்றேன்," என்று டிபன் பாக்ஸுக்குத் திரும்பினார்.

எல்லாவற்றையும் கேட்கிற மைக் எங்களுக்கு எதிரி. முதுகுப் பக்கம் செவிடாக இருக்கிற மைக்தான் எங்களுக்கு வேண்டியது. இந்த ஒரு விஷயத்தை அந்த செட்டுக்காரருக்கு இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லையா, அல்லது சொல்லியும் பீடியைப் பற்றவைத்தாரா? பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்கு அதே ஆத்திரம். அவள் மைக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வரப்போகிற போனஸை மைக் விலைக்காக நான் முன்கூட்டியே தின்றுவிட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்திப்பள்ளி தாண்டும்போது லேசாக முனக ஆரம்பித்தாள். பக்கத்து சீட்டுக்காரர் காதைத் திருப்பினார்.

ஆயுத பூஜை வந்தது.

காலையிலேயே போய் நான் மேடையில் ஸ்டாண்டை நிறுத்தி, மைக்கை மாட்டி, வயரை ஆட்கள் தடுக்கி விழாமல் பலகைக்கு அடியில் விட்டேன். பெட்டிகளை இந்தத் தடவை மேடைக்கு முன்னால், இரண்டு ஓரத்தில் வைக்கச் சொல்லி செட்டுக்காரரிடம் மன்றாடி, மிரட்டி, கடைசியில் நானே தள்ளி வைத்தேன். சோதித்துப் பார்த்தோம். அவள் இரண்டு வரி பாடினாள். கூவவில்லை. செட்டுக்காரர் சட்டைப் பையில் பீடியைத் தேடினார். நான் அவர் முன்னால் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு பூஜை தொடங்கியது. எங்கள் ஊரில் அன்றைக்குச் சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. லேத்துக்கு, பிரஸ்ஸுக்கு, ஸ்பேனருக்கு, ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு, கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் தடிக்கு. சூப்பர்வைசர் பெரிய தட்டில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு ஒன்றையும் விடாமல் பூசிக்கொண்டே போவார். நான் பிரஸ் ஷாப்பில் என் மெஷினுக்கு மாலை போடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், என் மைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. தலையிலிருந்து கழுத்து வரைக்கும் சந்தனம். மூன்று விரலால் இழுத்த பட்டை, முன்னாலும் பின்னாலும். நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம்.

"ஒம் மைக்குக்கும் நானே வச்சுட்டேன்டே," என்றார் சூப்பர்வைசர், கையைத் துடைத்துக்கொண்டு. "இனிமே கூவாது, பாத்துக்க."

நல்ல மனுஷன், நம்ம சாமானையும் சேர்த்துக் கும்பிட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மண்டை அவ்வளவுதான்.

கற்பூரம் காட்டி, பொரி கொடுத்து, எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் மேடை ஏறி, போன வருஷத்து நாயையும் இந்த வருஷத்து லாரியையும் மைக் இல்லாமல் வாயாலேயே கத்தி முடித்து, அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். முதல் வரியைத் தொடங்கினாள்.

ஊ...ய்.

போன வருஷத்து அதே சத்தம். குழந்தைகள் காதைப் பொத்தின. பின்னாலிருந்து ஒருவன் கூவிக் காட்டினான். அவள் கை ஸ்டாண்டிலேயே இருந்தது.

செட்டுக்காரர் வால்யூமை அமுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன் இல்லப்பா? மைக்கு இல்ல. கொரலுதான்."

"காலைல கூவலையே! காலைல நீங்களும் கேட்டீங்க இல்ல? என்னா பண்ணுனீங்க என் மைக்க?"

"நான் ஏம்பா தொடறேன் உன் மைக்க?"

நான் அவர் ஆம்ப்ளிஃபையர் மேல் கையை வைத்தேன். அதைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். சத்தியமாக உடைத்திருப்பேன். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. அவர் மேல், கூவிக் காட்டினவன் மேல், தகரக் கூரை மேல், சாமி மேல். சூப்பர்வைசர் எழுந்து நின்று, "சரிடே, போதும், சிடியப் போடுங்க" என்றார்.

அவள் இறங்கவில்லை. இறங்கிவிடுவாள் என்றுதான் நான் பயந்தேன். மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பக்கம் விரலை வைத்துத் தடவினாள். விரலை மோந்து பார்த்தாள்.

"மாமா. பெங்களூர்ல நீங்க கையால மூடினீங்களே, அந்தப் பின் காது. அது மூடிக் கெடக்குது."

சல்லடை மாதிரி இருக்கிற தலைக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து, ஓரங்களில் ஒரு ஓட்டைகூட இல்லாமல் சிமெண்டு பூசினமாதிரி அடைத்திருந்தது. அவள் தலையைத் திருகிக் கழற்றினாள். மேடையிலேயே, எல்லோரும் பார்க்க. கழற்றிக்கொண்டு நேராகக் கேன்டீன் குழாயடிக்கு நடந்தாள்.

ஷெட்டே சத்தம் போட்டது. சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்ன பிள்ள செய்யுதே? சாமிக்கு வச்ச பொட்டையா கழுவுதே? பூஜையில வச்ச சாமான இன்னிக்குத் தொடவே கூடாது. நாளைக்குத்தான் எடுக்கணும். தெரியுமா, தெரியாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வழக்கம் அதுதான். பூஜையில் வைத்த ஆயுதம் அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம். ஆனால் எனக்குள் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம் அப்போதுதான் வாய் வழியாக வெளியே வந்தது.

"சார், உங்க சட்டைப் பையில இருக்கிற போனுக்கு என்னா வெச்சிருக்கீங்க? எடுத்துக் காட்டுங்க! சந்தனம், குங்குமம், எல்லாம் இருக்குது. காலைலேருந்து அதுலதான பேசிகினு கெடக்கறீங்க? அதுக்கு ஓய்வு இல்லியா? ஆம்ப்ளிஃபையருக்குப் பொட்டு வெச்சீங்க, ஓடுது. ஜெனரேட்டருக்கு வெச்சீங்க, ஓடுது. எல்லாத்தயும் நிறுத்துங்க. இருட்டுல உக்காந்து பொரி திங்கலாம்! எம் பொண்டாட்டி பாடற மைக் மட்டும்தான் தூங்கணுமா?"

பிரஸ் ஷாப் ஆட்கள் விசிலடித்தார்கள். சூப்பர்வைசர் தன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

அவள் என்னை மாதிரி கத்தவில்லை. குழாயைத் திறந்து, டூல் ரூம் ஆள் ஒருவர் நீட்டிய நைலான் பிரஷ்ஷால் ஓரங்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "சார், பொட்டு நெத்தியில வெப்பாங்க. நீங்க காதுல வெச்சி அடைச்சிட்டீங்க. காதத்தான் கழுவறேன். நெத்திப் பொட்டு அப்படியே இருக்கும்."

அவர் தன் நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் மைக் தலையை உதறி, மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்டால் ஈரம் போக ஒற்றி எடுத்தாள். மேடைக்குத் திரும்பித் தலையை மாட்டினாள்; பொட்டும் தண்ணீரோடு போயிருந்ததால், சூப்பர்வைசர் தட்டிலிருந்து ஒரு துளி குங்குமத்தை எடுத்து, கையில் பிடிக்கிற இடத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். மைக் முன்னால் வந்து நின்றாள்.

நான் மேடைக்குக் கீழே வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயரைப் பிடிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

அவள் பாடினாள். கத்தவில்லை. அடுப்படியில் பாடுகிற அதே சத்தம். செட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, வால்யூமைத் தூக்கினார். கூவவில்லை. இன்னும் தூக்கினார். அந்த மெல்லிய குரல் தகரக் கூரையைத் தொட்டுவிட்டு கேட் வரைக்கும் போயிற்று. முதலில் தமிழில் ஒரு பாட்டு. அது முடிவதற்குள் கன்னடம் கேட்டு ஒரு மூலையிலிருந்து கத்தினார்கள், தெலுங்கு கேட்டு இன்னொரு மூலையிலிருந்து. "யாருடி இது? நம்ம பேக்கிங்குல இருக்கிறவளா?" என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் கேட்டாள். "அவளேதான்டி. துணி கட்டிகினு இருப்பாளே" என்றாள் இன்னொருத்தி. கூவிக் காட்டினவன் வாயில் பொரியைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தான். மூன்று பாட்டையும் முடித்துவிட்டுத்தான் அவள் இறங்கினாள். அன்றைக்கு மேடையை விட்டு இறங்க அவளுக்கே மனசு வரவில்லை.

இத்தோடு நான் சந்தோஷப்பட்டிருப்பேன். விட்டார்களா?

சூப்பர்வைசர் வந்து என் தோளைத் தட்டினார். "பாத்தியாடே? நான் பொட்டு வச்சேன்லா, அந்த ராசி. கூவுறது நின்னுட்டு."

அந்த மனுஷனை நான் என்ன செய்வது? கழுத்தைப் பிடிக்கவா, காலில் விழவா? தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து அவர் இரண்டு காதிலும் அடைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. எனக்கு நல்ல யோசனை எல்லாம் வருஷம் கழித்துத்தான் வரும்.

அதைவிடப் பெரிய கூத்து அதற்கப்புறம். செட்டுக்காரர் பீடியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, ரொம்ப நாள் சிநேகிதன் மாதிரி குரலைத் தாழ்த்தி, "தம்பி, ராயக்கோட்டையில ஒரு கல்யாணம் இருக்குது. உன் மைக்கக் கொஞ்சம் குடுத்தீன்னா..." என்றார். 'கொரலு இல்ல' என்று சொன்ன அதே வாய்! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அவர் சட்டைக் காலரைப் பிடித்து, "அண்ணா, மொதல்ல பாடிட்டு எறங்கின அவகிட்டப் போயி..."

"மாமா! அங்க என்னா பண்ணிகினு இருக்கீங்க? காவேரிப்பட்டினத்துக் கோயில்காரங்க அனுப்பின வேனு வாசல்ல நின்னுகினு ஹாரன் அடிக்குது. நான் பொடவை கட்டி முடிச்சாச்சி. மைக் எங்கிட்ட இருக்குது. ஸ்டாண்டத் தூக்கறீங்களா, இல்ல அந்தப் பழைய கதைய எழுதிகினே இருக்கறீங்களா?"

"வர்றேன்டி, வர்றேன்."